பல வாத்தியங்கள், ஒரே கலைஞர்: புளூகிராஸ் கச்சேரி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் சிற்றூர் அரங்குகளிலும் கல்லூரிக் கூடங்களிலும் தேவாலய மண்டபங்களிலும், நாட்டுப்புறப் பாடல்களையும் புளூகிராஸ் இசையையும் வாசித்தபடி ஊர் ஊராகச் சுற்றும் கலைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் ஃபிடில், பாஞ்சோ (மேளம் போன்ற முகப்புடைய தந்தி வாத்தியம்), மாண்டலின், கிதார் ஆகிய எல்லாவற்றையும் தாமே வாசிப்பவர்கள். கர்நாடக இசை கேட்டுப் பழகிய நண்பர்கள் இத்தகைய கச்சேரிக்கு முதன்முறை செல்லும்போது என்னிடம் கேட்ட கேள்விகளையும், பல ஆண்டுகளாக இந்த இசையைக் கேட்டுவரும் ரசிகன் என்ற முறையில் நான் சொன்ன பதில்களையும் இங்கே தருகிறேன்.

புளூகிராஸ் என்பது மிகப் பழைய இசையா?

கேட்பதற்கு அப்படித் தோன்றும். ஆனால் இதன் வயது ஏறத்தாழ எண்பதுதான். கென்டக்கி மாநிலத்தின் ரோசின் என்னும் சிற்றூரில் 1911-இல் பிறந்த பில் மன்றோ, தம் மாநிலத்தின் செல்லப் பெயரான ‘புளூகிராஸ்’ என்பதையே தம் குழுவின் பெயரில் சேர்த்துக்கொண்டார். 1939 முதல் நாஷ்வில் நகரின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சியில் அவர் பாடிவந்தபோதும், இன்று நாம் அடையாளம் காணும் அந்த ஒலி உருவானது 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இருபத்தோரு வயது இளைஞர் பாஞ்சோவுடன் குழுவில் சேர்ந்த பிறகுதான். மன்றோவின் மாண்டலின், லெஸ்டர் ஃபிளாட்டின் கிதார், சப்பி வைஸின் ஃபிடில், ஹோவர்டு வாட்ஸின் பேஸ் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான பெரிய தந்தி வாத்தியம்), ஸ்க்ரக்ஸின் பாஞ்சோ ஆகிய ஐந்தும் சேர்ந்து 1946 செப்டம்பரில் சிகாகோவில் செய்த ஒலிப்பதிவுகளே இவ்வகை இசைக்கு இலக்கணமாயின. குழுவின் பெயரே பிற்பாடு இசையின் பெயராகவும் ஆகிவிட்டது.

ஒலி புதிது என்றாலும் சரக்கு பழையது. மன்றோ தம் தாய்மாமன் பென் வாண்டிவரின் ஃபிடில் மெட்டுகளைக் கேட்டு வளர்ந்தார். ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரிடமிருந்து புளூஸ் என்னும் கறுப்பின மக்கள் இசையின் குழைவை வாங்கிக்கொண்டார். தேவாலயப் பாடல்களும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து பகுதிகளிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த கதைப்பாடல்களும் அவருக்குச் சிறுவயதிலேயே பழக்கமானவை.

அப்படியானால் நாட்டுப்புற இசையும் புளூகிராஸும் ஒன்றா?

நெருங்கிய உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியின் பழைய பாணியில் எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்தே வாசிப்பார்கள். அது ஆடுவதற்கான இசை, யாரும் தனித்துத் தெரிய வேண்டியதில்லை. புளூகிராஸில் ஒவ்வொருவரும் முறைவைத்து முன்னால் வந்து மெட்டைத் தம் போக்கில் விரித்து வாசித்துவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டுப் பின்னால் போய் பக்கவாத்தியமாகிவிடுவார்கள். பல வாத்தியக் கலைஞர்கள் பெரும்பாலும் இரண்டையும் கலந்தே நிகழ்ச்சியை அமைப்பார்கள்: ஒரு பழைய கதைப்பாடல், பிறகு ஆட்ட மெட்டு இரண்டு, பிறகு விறுவிறுப்பான புளூகிராஸ் உருப்படி, நடுவே தாமே எழுதிய பாடல்.

ஒருவரே எப்படி இத்தனை வாத்தியங்களை வாசிக்கிறார்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதிலின் பாதி, தந்திகளைச் சுருதி சேர்க்கும் முறையில் இருக்கிறது. ஃபிடில் என்பது நாம் அறிந்த வயலினேதான். வாசிக்கும் பாணிதான் வேறு. அதன் நான்கு தந்திகளும் ஜி, டி, ஏ, ஈ என்று, ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பஞ்சமமாக அமைந்திருக்கும். மாண்டலினுக்கும் அதே அமைப்புதான். இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் இருப்பதொன்றே வேறுபாடு. ஆகவே ஃபிடிலில் ஒரு மெட்டைப் பழகிய இடக்கை, மாண்டலினில் அதே மெட்டை ஏறக்குறைய அதே விரல்களால் எடுத்துவிடும். இந்தக் கலைஞர்களுள் பலருக்கு ஃபிடிலும் மாண்டலினும் இணைபிரியாமல் வருவதற்குக் காரணம் இதுவே. மாண்டலின் என்றதும் நம்மவர்களுக்கு உ. ஸ்ரீநிவாஸ் நினைவுக்கு வருவார். அவர் கமகத்துக்காக ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினை வாசித்தார். புளூகிராஸ் மாண்டலினில் இரட்டை எஃகுத் தந்திகளை இழுத்துக் கமகம் கொடுப்பது கடினம்; அங்கே அழகு வேகத்திலும் வெட்டிலும் இருக்கிறது.

மறுபாதிக்குக் குறுக்குவழி கிடையாது, உழைப்புதான். ஃபிடிலின் தந்தி நீளம் சுமார் 13 அங்குலம், மாண்டலினுக்குச் சுமார் 14, கிதாருக்கு 25, பாஞ்சோவுக்கு 26. ஒரு வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்த அந்த நொடியே, விரல்கள் தம் இடைவெளிக் கணக்கு முழுவதையும் மாற்றிக்கொள்ள வேண்டும். வலக்கையின் பாடு இதைவிடக் கடினம்: ஃபிடிலுக்கு வில், மாண்டலினுக்கும் கிதாருக்கும் மீட்டுவதற்கான ‘பிக்’ என்ற ஒற்றை வில்லை, பாஞ்சோவுக்குக் கட்டைவிரலில் பிளாஸ்டிக் கவ்வியும் மற்ற இரு விரல்களில் உலோகக் கவ்விகளும். ஒரே வலக்கைக்கு மூன்று வெவ்வேறு தொழில்கள்.

எத்தனை வாத்தியங்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பது, என் கருத்தில், கச்சேரியைத் தவறவிடுவதற்கு நிச்சயமான வழி. ஒரே மெட்டு வாத்தியம் மாறும்போது என்ன ஆகிறது என்று கேளுங்கள். ஃபிடிலில் வில் நிற்கும்வரை ஸ்வரம் நிற்கும். மாண்டலினில் அடித்த கணமே ஒலி தேயத் தொடங்கிவிடும், ஆகவே நீண்ட ஸ்வரத்தை மீண்டும் மீண்டும் விரைந்து மீட்டியே தாங்கிப் பிடிக்க வேண்டும். ஃபிடிலில் அழுத பாடல் மாண்டலினில் நடுங்கும். பாஞ்சோவில் அதே பாடல் மணிகளாக உதிரும். எந்தப் பாடலுக்கு எந்த வாத்தியம் என்று தேர்ந்தெடுப்பதில்தான் நல்ல கலைஞரின் மனோதர்மம் தெரியும்.

பாஞ்சோவின் ஐந்தாவது தந்தி மட்டும் ஏன் பாதியில் தொடங்குகிறது?

கழுத்தின் நடுவழியில், ஐந்தாம் மெட்டுக்கு (ஸ்வர இடங்களைக் காட்டக் கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) அருகே, பக்கவாட்டில் ஒரு தனி முறுக்காணியில் அந்தக் குட்டைத் தந்தி கட்டப்பட்டிருக்கும். பார்ப்பதற்கு நான்காவது தந்தியின் பக்கத்தில் இருந்தாலும், ஒலிப்பதில் அதுவே எல்லாவற்றிலும் உச்சமானது. பெரும்பாலும் விரல் அதை அழுத்துவதில்லை. கட்டைவிரல் அவ்வப்போது அதைத் தட்டிச் செல்ல, அந்த ஒரே ஸ்வரம் மெட்டுக்கு ஊடே தம்பூராவைப் போல ஒலித்துக்கொண்டே இருக்கும். வழக்கமான ஜி சுருதியில் அது நம் கணக்கில் ஐந்து கட்டை.

இந்தக் குட்டைத் தந்திதான் பாஞ்சோவின் பிறப்பிடத்தையும் காட்டிக்கொடுக்கிறது. இது வெள்ளையர் மலைநாட்டு வாத்தியம் என்றுதான் நெடுங்காலம் பலரும் எண்ணிவந்தார்கள். உண்மையில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் நினைவிலிருந்து கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் உருவானது அது. செனகல், காம்பியா பகுதிகளில் ஜோலா மக்கள் இன்றும் வாசிக்கும் ‘அகொண்டிங்’ என்ற வாத்தியத்தைப் பார்த்தால் உறவு விளங்கும்: சுரைக்குடுக்கையின் மேல் தோல், நீண்ட குச்சிக் கழுத்து, மூன்று தந்திகள், அவற்றில் ஒன்று குட்டையானது. 1687-இல் ஜமைக்கா சென்ற ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர், அங்கே அடிமை மக்கள் வாசித்த சுரைக்குடுக்கை வாத்தியங்களைப் பற்றி எழுதினார். அவற்றின் படம் 1707-இல் அச்சேறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களை இழிவுபடுத்தி நடத்திய மேடை நிகழ்ச்சிகள் வழியாகவே பாஞ்சோ நாடெங்கும் பரவியது என்பது இதன் வரலாற்றில் மறைக்கக் கூடாத பகுதி. உரியவர்களிடமிருந்து வாத்தியம் கைமாறியது மட்டுமன்றி, அது அவர்களுடையது என்ற நினைவும் துடைக்கப்பட்டது.

இந்த நினைவை மேடையிலேயே மீட்டெடுப்பவர் ரியானன் கிடென்ஸ். வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் 1977-இல் பிறந்த இவர், ஃபிடிலும் பாஞ்சோவும் வயோலாவும் வாசிப்பவர், முறையாக ஆபரா பயின்ற பாடகர். ஜோ தாம்சன் என்ற முதிய கறுப்பின ஃபிடில் கலைஞரிடம் நேரில் பாடம் கேட்ட மூன்று இளைஞர்களுள் ஒருவராக, ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ குழுவை அமைத்தார். 1858-ஆம் ஆண்டு பாஞ்சோ ஒன்றின் மாதிரியில் செய்யப்பட்ட, மெட்டுகளற்ற கழுத்துடைய வாத்தியத்தை அவர் வாசிப்பார். அதன் ஒலி, இன்றைய பாஞ்சோவின் பளீரென்ற ஒலியைப்போல் இராது; தாழ்ந்து, உருண்டு, ஏறத்தாழ ஒரு மனிதக் குரலாக வரும். மெட்டுகள் இல்லாததால் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்ல முடிகிறது. நம் காதுக்கு அது உடனே ஒட்டிக்கொள்ளும்.

மேடையில் மேளமே இல்லையே, தாளம் எங்கிருந்து வருகிறது?

வாத்தியங்கள் அனைத்தும் பங்கிட்டுக்கொள்ளும் பொறுப்பு அது. பேஸின் ஒலி தாளத் தட்டின் மேல் விழும். மாண்டலின் வாசிப்பவர் சரியாக அரை இடத்தில் தந்திகளை அடித்து, அடித்த மறுகணமே இடக்கைப் பிடியைத் தளர்த்தி ஒலியை வெட்டிவிடுவார். ‘சாப்’ எனப்படும் இந்த வெட்டொலிதான் அங்கே மேளம். பாஞ்சோவின் மூன்று விரல் உருட்டலைக் கூர்ந்து கேட்டால், எட்டு ஸ்வரங்களை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிக்கும் ஒரு நடை அடிக்கடி தென்படும். தகிட தகிட தக என்று வாய்க்குள் சொல்லிப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

தனியாக மேடையேறும் கலைஞருக்கு இந்தப் பங்கீடு இல்லை. எல்லாம் அவர் தலையில்தான். கிதாரில் கட்டைவிரலால் பேஸைத் தாங்கி மற்ற விரல்களால் மெட்டு வாசிப்பது ஒரு வழி. காலையே தாள வாத்தியமாக்கிக்கொள்வது இன்னொன்று.

காலால் தாளமா? யார் அப்படிச் செய்தார்?

ஜான் ஹார்ட்ஃபோர்டு. பல வாத்தியங்களுடன் தனியே ஊர் சுற்றும் கலைஞர் என்ற மரபில் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் இவரே. 1937-இல் பிறந்து, மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள செயின்ட் லூயிஸில் வளர்ந்தவர். 1967-இல் அவர் எழுதிய ‘ஜென்டில் ஆன் மை மைண்ட்’ என்ற பாடலைக் கிளென் கேம்பெல் பாட, அது நாடெங்கும் ஒலித்தது. அதன் வருமானத்தில் ஹார்ட்ஃபோர்டு தொலைக்காட்சி வாழ்க்கையை விட்டுவிட்டுத் தமக்குப் பிடித்த இசைக்கும், தமக்கு அதே அளவு பிடித்த நீராவிப் படகுகளுக்கும் திரும்பினார். ‘ஜூலியா பெல் ஸ்வெயின்’ என்ற படகைச் செலுத்தும் வேலையை உரிமம் பெற்றுச் செய்தவர் அவர்.

மேடையில் அவர் தோற்றத்தைச் சொல்கிறேன். வட்டத் தொப்பி, கையில்லாத மேலங்கி. காலடியில் ஒரு பிளைவுட் பலகை, அதற்கு ஒலிபெருக்கி இணைப்பு. ஃபிடிலைத் தோளில் வைத்து, வில்லை ஓட்டியபடியே பாடிக்கொண்டு, அந்தப் பலகையின் மேல் கால்களைத் தேய்த்தும் தட்டியும் ஆடுவார். வில் ஒரு கணக்கு, குரல் ஒரு கணக்கு, கால் ஒரு கணக்கு. பலகையை ஒலிவாங்கியில் கேட்கும்போது பாதம் இழுபடும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்கும். 1976-இல் வெளிவந்து கிராமி விருது பெற்ற அவருடைய ‘மார்க் ட்வாங்’ இசைத்தட்டு முழுவதும் இப்படித்தான்: ஒரு மனிதர், அவருடைய ஃபிடில், பாஞ்சோ, கிதார், குரல், கால்கள். பாஞ்சோவை வழக்கமான ஐந்து கட்டைக்கும் கீழே இறக்கிச் சுருதி சேர்ப்பதில் அவருக்கு விருப்பம் அதிகம். அதனால் அவருடைய பாஞ்சோவில் கூச்சல் இராது, முணுமுணுப்பு இருக்கும்.

புற்றுநோயோடு இருபது ஆண்டுகள் போராடிய அவர், 2000 மே மாதம் நாஷ்வில்லின் ரைமன் அரங்கில் நடந்த ‘டவுன் ஃப்ரம் தி மவுண்டன்’ கச்சேரியைத் தொகுத்து வழங்கி, ஃபிடிலும் வாசித்தார். மறு ஆண்டு ஏப்ரலில் டெக்சாஸ் பயணத்தின்போது கைகள் சொன்னபடி கேட்காமல் போயின. ஜூன் 4 அன்று மறைந்தார். இன்று பலகையின் மேல் கால் தட்டி வாசிக்கும் எந்த இளைஞரைப் பார்த்தாலும் எனக்கு அவருடைய பாதங்கள்தான் கண்ணில் தெரிகின்றன.

இன்று நேரில் கேட்கக்கூடியவர்கள் யார்?

ரியானன் கிடென்ஸைச் சொல்லிவிட்டேன். மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் 1954-இல் பிறந்த டிம் ஓபிரையன் ஃபிடில், மாண்டலின், கிதார், பாஞ்சோ, பூசூக்கி என்ற கிரேக்கத் தந்தி வாத்தியம் ஆகியவற்றை வாசிப்பவர்; ‘ஹாட் ரைஸ்’ குழுவில் தொடங்கியவர்; அயர்லாந்து இசைக்கும் அப்பலாச்சிய இசைக்கும் இடையிலான உறவை இவரளவு இயல்பாக மேடையில் காட்டுபவர்கள் அரிது. கென்டக்கியின் பௌலிங் கிரீனைச் சேர்ந்த, இரண்டையும் வாசிக்கும் சாம் புஷ்ஷிடம், ஃபிடிலும் மாண்டலினும் ஒரே சுருதி அமைப்பு என்று மேலே சொன்னதற்குக் கண்கூடான சான்றைக் காணலாம். டெக்சாஸைச் சேர்ந்த சாரா ஜரோஸ் மாண்டலின், கிதார், பாஞ்சோ மூன்றோடும், ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கும் ஆக்டேவ் மாண்டலினையும் கையாள்கிறார். புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது டிம் ஓபிரையனைத்தான். வேகத்தால் மிரட்டாமல் பாடலை முன்னால் வைப்பவர்.

பாடலுக்குப் பாடல் சுருதி சேர்த்துக்கொண்டே இருக்கிறார்களே, அது குறைபாடா?

குறைபாடு அல்ல. மேடை விளக்கின் சூடு, அரங்கின் குளிர்சாதனம், வெளியே இருந்த ஈரம் எல்லாம் மரத்தையும் தந்தியையும் அசைத்துக்கொண்டே இருக்கும். பறையைத் தீயில் காய்ச்சிப் பதம் பார்க்கும் கலைஞர்களைக் கண்ட நமக்கு இது புதிதல்ல. பாஞ்சோவின் முகப்பும் முன்பு கன்றுத்தோலாகவே இருந்தது, ஈரக்காற்றில் தொய்ந்துவிடும். இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக். அதோடு, சில ஆட்ட மெட்டுகளுக்கு ஃபிடில் தந்திகளையே வேறு அமைப்பில் சேர்க்க வேண்டியிருக்கும்.

சிறிய அரங்கு ஒன்றில் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்தபோது நான் பார்த்த ஒன்று மறக்கவில்லை. கலைஞர் ஏதோ ஆற்று வெள்ளக் கதை சொல்லிக்கொண்டே, பாஞ்சோவின் கழுத்தில் இரண்டாம் மெட்டில் கேப்போ என்ற கவ்வியைப் பூட்டினார். அது நான்கு நீளத் தந்திகளின் சுருதியை மட்டுமே ஏற்றும். குட்டைத் தந்தி தனியே நிற்கும். கழுத்தின் ஓரத்தில் கடுகளவு தலையுள்ள ஒரு சிறிய ஆணி அடிக்கப்பட்டிருந்தது; பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கும் ஆணி அது. பேச்சை நிறுத்தாமல், கட்டைவிரல் நகத்தால் ஐந்தாவது தந்தியை அந்த ஆணிக்கு அடியில் செருகினார். ஐந்து கட்டை ஆறு கட்டையாகிவிட்டது. கதை முடிந்த அதே மூச்சில் மெட்டு தொடங்கியது. சுருதி சேர்க்கும் நேரத்தை இப்படிக் கதைக்குப் பயன்படுத்துவது இந்த மேடையின் ஒரு கலை; அந்தப் பேச்சைத் தவறவிடாதீர்கள், பாடலின் பிறப்புக் கதை பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

எப்போது கைதட்ட வேண்டும்?

ஒருவர் தம் முறை வாசித்து முடித்ததும், பாடல் நடந்துகொண்டிருக்கும்போதே தட்டலாம். ஆட்ட மெட்டுகள் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் கொண்டவை. ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்துவிட்டு முதலுக்குத் திரும்புவார்கள். அந்தச் சுற்று பிடிபட்டுவிட்டால் எங்கே முறை முடிகிறது என்பது தானே தெரிந்துவிடும். பாடலோடு சேர்ந்து கைத்தாளம் போட வேண்டுமென்றால் கலைஞர் கேட்கும்வரை காத்திருங்கள். வேக உருப்படியில் அரங்கத்தின் தாளம் பின்தங்கினால் தனியாள் கலைஞருக்கு அது பெரும் சுமை.

அரங்கம் நல்லதா, திறந்தவெளி விழா நல்லதா?

முதன்முறை என்றால் அரங்கம், அதுவும் சிறியது. விரல்களைப் பார்க்க முடியாவிட்டால் பல வாத்தியக் கலைஞரின் கச்சேரியில் பாதி போய்விடும். விழாக்களின் சுகம் வேறு. 1965 செப்டம்பரில் வர்ஜீனியாவின் ஃபின்காசிலில் ஒரு குதிரைப்பண்ணையில் கார்ல்டன் ஹேனி நடத்திய பல நாள் விழாவே இவ்வகை விழாக்களுக்கு முன்னோடி. கொலராடோவின் டெல்யூரைடில் ஒவ்வொரு ஜூனிலும் நடப்பது கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 8,750 அடி உயரத்தில். பகலில் வெயில் சுடும், இரவில் குளிர் நடுக்கும், இரண்டுக்கும் துணி வேண்டும்.

குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக. மதுக்கூடத்தில் நடக்கும் நிகழ்ச்சி என்றால் மட்டும் வயது வரம்பை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கதைப்பாடல்களில் கொலையும் சாவும் நிறைய வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கச்சேரி முடிந்ததும் கலைஞரிடம் பேசலாமா?

பேசலாம்; பெரும்பாலானோர் வாசலருகே இசைத்தட்டு விற்கும் மேசைக்குத் தாமே வந்து நிற்பார்கள். பயணக் கலைஞருக்கு அந்த மேசையின் வருமானம் சிறியதன்று; ஒன்று வாங்கிவிட்டுப் பேசுவது நல்லது. வாத்தியத்தைத் தொட வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். வயலினோ கிதாரோ வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால், அருகில் எங்கே வாராந்தர ‘ஜாம்’ நடக்கிறது என்று விசாரியுங்கள்; வட்டமாக அமர்ந்து வாசிக்கும் அந்தக் கூட்டங்களில் புதியவர்களுக்கு இடம் உண்டு. முறை உங்களிடம் வரும்போது வாசிக்கத் தயக்கமாக இருந்தால் தலையை மெல்ல அசைத்தால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். நம் பாணியில் தரையில் அமர்ந்து வயலினைக் காலில் ஊன்றி வாசித்த தோழி ஒருவரை அப்படியொரு வட்டத்தில் பார்த்திருக்கிறேன். அவர் முறை முடிந்ததும் எதிரில் இருந்த முதியவர் தம் ஃபிடிலைத் தோளிலிருந்து இறக்கி, அதே போல் மார்பில் சாய்த்து, ஒரு மெட்டை வாசித்துப் பார்த்தார்.